மூடுபனியில் ஒரு விமானம் இறங்குகிறது, இன்னொன்று திரும்புகிறது: விமானியின் உரிமம், உடற்தகுதி, கருவித் தகுதி குறித்த விதிகள்

கொல்கத்தா: டிசம்பர், ஜனவரி மாதங்களின் அதிகாலைப் பொழுதுகள் கொல்கத்தா நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சர்வதேச விமான நிலையத்தில் பயணிகளின் பொறுமையைச் சோதிப்பவை. கங்கைச் சமவெளியின் ஈரமும் காற்றசைவற்ற குளிர் இரவும் சேர்ந்து டம்டம் பகுதியை மூடுபனியால் போர்த்திவிடும். அத்தகைய நேரங்களில் ஒரு விமானம் பத்திரமாகத் தரையிறங்க, சில நிமிடங்களுக்குப் பின் வந்த மற்றொரு விமானம் புவனேஸ்வரத்துக்கோ ராஞ்சிக்கோ திருப்பி விடப்படுவதுண்டு. விமானம் ஒரே ரகமாக இருக்கலாம், பனியும் ஒன்றே. பிறகு ஏன் இந்த வேறுபாடு என்று பயணிகள் கேட்பது இயல்பு.

விடை பல நேரங்களில் விமானி அறையில் அமர்ந்திருக்கும் இருவரின் ஆவணங்களில் இருக்கிறது. ஒரு விமானி எந்த விமானத்தை, எந்த வானிலையில், எத்தனை அடி உயரம் வரை தாழ்த்திக் கொண்டுவரலாம் என்பதை அவரது திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் பெற்ற உரிமம், மருத்துவச் சான்றின் காலக்கெடு, கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தகுதியை அவர் கடைசியாக நிரூபித்த நாள் ஆகியவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இவற்றுள் ஒன்று காலாவதியானாலும், பல்லாயிரம் மணி நேரம் பறந்த மூத்த கேப்டனும் சட்டத்தின் பார்வையில் அன்றைய தினம் விமானி அல்லர்.

200 மணி நேரமும் அதற்குப் பிறகும்

இந்தியாவில் விமானிகளுக்கான உரிமங்களை வழங்குவது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்தின் கீழ் 1937-இல் வகுக்கப்பட்ட விமான விதிகளே இத்துறையின் அடித்தளமாக நெடுங்காலம் இருந்து வந்தன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட பாரதிய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

பயிற்சி விமானி உரிமத்துக்கு 16 வயதும், தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஊதியம் பெற்று விமானம் ஓட்டுவதற்கான வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 18. இதற்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்ற விமானியாகப் பறந்திருக்க வேண்டும். 300 கடல் மைல் தொலைவைக் கடந்து, வழியில் இரு வேறு விமானத் தளங்களில் இறங்கி ஏறிய பயணம் ஒன்றும் கணக்கில் காட்டப்பட வேண்டும். வானிலையியல், வழிகாணியல், விமானச் சட்டம் உள்ளிட்ட எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சிக்கு 70 விழுக்காடு மதிப்பெண் தேவை. பெரிய விமானங்களின் கேப்டனாவதற்கான உயர்நிலை உரிமத்துக்கு வயது 21, பறந்த நேரம் 1,500 மணி என்பது வரையறை.

இவ்விரு உயர் உரிமங்களும் முன்பு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தன. 2023 அக்டோபரில் வெளியான விதித் திருத்தம் அதை 10 ஆண்டுகளாக உயர்த்தியது. எனினும் உரிமம் என்பது ஒரு சட்டகம் மட்டுமே. அதற்குள் பொருத்தப்படும் மற்ற தகுதிகள் மாதக் கணக்கிலும் நாள் கணக்கிலும் காலாவதியாகிக் கொண்டே இருப்பவை. வெளியில் அதிகம் பேசப்படாத பகுதி அதுவே.

கொல்கத்தாவுக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. அன்றைய வங்காள ஆளுநர் சர் ஸ்டான்லி ஜாக்சன் டம்டமில் வங்காள பறக்கும் மன்றத்தைத் திறந்து வைத்தது 1929 பிப்ரவரியில். அதே மாதம் 10-ஆம் தேதிதான் பம்பாயில் ஜே.ஆர்.டி. டாட்டா, இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் எண் விமானி உரிமத்தைப் பெற்றார்.

கண்ணாடி அணிந்தவரும் ஓட்டலாம்

விமானிகளின் உடற்தகுதி குறித்துப் பொதுமக்களிடையே நிலவும் தவறான கருத்துகள் பல. கண்ணாடி அணிந்தவர் விமானியாக முடியாது என்பது அவற்றுள் முதன்மையானது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் முதல் இணைப்பு விதி அவ்வாறு கூறவில்லை. முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்கு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்களும் சேர்ந்து 6/6 பார்வை வேண்டும். கண்ணாடியின் துணையுடன் அந்த அளவை எட்டினாலும் போதும். ஆனால் பறக்கும்போது கண்ணாடியை அணிந்திருப்பதோடு, மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் திறன், செவித்திறன், இதயத் துடிப்பின் ஒழுங்கு ஆகியவையும் சோதிக்கப்படுகின்றன. 50 வயதைக் கடந்தவர்களுக்கு இதயச் சுருள் வரைபடமான ஈ.சி.ஜி. ஆண்டுதோறும் கட்டாயம்.

வணிக விமானிகளுக்கு இச்சான்று 12 மாதங்களுக்குச் செல்லும் என்பது ஐகாவோவின் பொது அளவுகோல். 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 40 வயதைக் கடந்த பின் துணை விமானி இன்றித் தனியாகப் பயணிகளை ஏற்றிச் செல்பவர்களுக்கும் அது 6 மாதங்களாகக் குறைகிறது. நாடுகள் இதைவிடக் கடுமையான வரம்புகளை வகுத்துக்கொள்ளலாம். 65 வயதை எட்டியவர் பயணிகள் விமானப் போக்குவரத்தில் விமானியாகப் பணியாற்ற இயலாது.

முதல் வகுப்புக்கான தொடக்கப் பரிசோதனை இந்தியாவில் நெடுங்காலமாக இந்திய விமானப்படையின் மருத்துவ மையங்களிடமே இருந்தது. டெல்லியிலும் பெங்களூரிலும் உள்ள மையங்களுடன், கிழக்கு இந்தியாவுக்கென அசாமின் ஜோர்ஹாட்டில் ஒரு மையம் செயல்பட்டது. கொல்கத்தாவில் வளர்ந்து விமானியாக விரும்பிய இளைஞர், தன் கண்ணையும் இதயத்தையும் சோதித்துக்கொள்ள பிரம்மபுத்திரா கரை வரை செல்ல வேண்டியிருந்த காலம் அது.

மருத்துவச் சான்று கையில் இருப்பதால் மட்டும் பறந்துவிட முடியாது என்பதே இவ்விதிகளின் நுட்பமான பகுதி. தன் உடல்நிலை குன்றியிருப்பதை அறிந்த விமானி, சான்றின் காலம் எஞ்சியிருந்தாலும் பணியிலிருந்து தாமாகவே விலகிக்கொள்ள வேண்டும் என்று விதி கூறுகிறது. சளிக்கு உட்கொள்ளும் சாதாரண மாத்திரையும் தூக்கத்தை வரவழைக்குமாயின் இந்த வரம்புக்குள் வரும். இங்கே சட்டம் விமானியின் மனச்சாட்சியை நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கை உடைந்த இடம் 2015 மார்ச் 24. தமது நோயை நிறுவனத்திடம் மறைத்த ஜெர்மன்விங்ஸ் துணை விமானி ஒருவர், பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே விமானத்தை மோதச் செய்ததில் அவர் உட்பட 150 பேர் உயிரிழந்தனர்.

நோயை ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும் என்ற அச்சமே மறைப்பதற்குக் காரணமாகிறது என்பதை உலகம் அதன் பிறகே உரக்கப் பேசத் தொடங்கியது. இந்த அச்சம் வெறும் கற்பனையும் அன்று. பெருந்தொகை செலவிட்டுப் பயிற்சி பெற்றவர், ஒரு பரிசோதனை அறிக்கையால் வாழ்வாதாரத்தையே இழக்கக்கூடும். விமானிகளின் மனநலம் குறித்த வழிகாட்டுதல்களை டிஜிசிஏ 2023-இல் வெளியிட்டது. சக விமானிகள் வாயிலாக ஆதரவளிக்கும் ஏற்பாடும் அவற்றில் இடம்பெற்றது.

மது விஷயத்தில் மட்டும் மனச்சாட்சிக்கு இடம் தரப்படவில்லை. விமானப் பணிக்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது அருந்தக்கூடாது. மூச்சுப் பரிசோதனையில் முதல் முறை பிடிபட்டால் உரிமம் 3 மாதங்களுக்கும், இரண்டாம் முறை 3 ஆண்டுகளுக்கும் முடக்கப்படும். மூன்றாம் முறை உரிமமே ரத்து.

காதை நம்பாதே, கருவியை நம்பு

மேகத்துக்குள்ளோ இருட்டான கடலின் மேலோ பறக்கும்போது தொடுவானம் தெரியாது. அப்போது உட்செவியில் உள்ள திரவத்தின் அசைவே உடலுக்குச் சமநிலையை உணர்த்துகிறது. அந்த உணர்வு எளிதில் ஏமாறக்கூடியது. மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும் விமானம் நேராகப் பறப்பதாகவே தோன்றும்.

இந்தியா இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 747 ரக விமானமான ‘எம்பரர் அசோகா’, கிளம்பிய சில நிமிடங்களிலேயே அரபிக்கடலில் விழுந்தது. அதில் இருந்த 213 பேரும் உயிரிழந்தனர். கேப்டனின் முன்னிருந்த சாய்வுகாட்டிக் கருவி பழுதாகி, விமானம் வலப்புறம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அதை நம்பி அவர் விமானத்தை இடப்புறம் சாய்த்துக்கொண்டே சென்றார். வெளியே இருட்டு, சரிபார்க்கத் தொடுவானம் இல்லை. ஒரே கருவியில் கண்ணைப் பதிக்காமல் மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தையே கருவித் தகுதிப் பயிற்சி விமானிக்கு ஊட்ட முயல்கிறது.

‘இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்’ என்று விமானிகள் குறிப்பிடும் இத்தகுதியைப் பெற, பொறுப்பு விமானியாக 50 மணி நேரத் தொலைதூரப் பறப்பும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்த 40 மணி நேரமும் வேண்டும். பின்னதில் ஒரு பகுதியைத் தரையில் உள்ள சிமுலேட்டரில் நிறைவு செய்யலாம். தகுதியைப் பெறுவதைவிட அதைத் தக்கவைப்பதே கடினம். இந்தியாவில் இது ஓராண்டுக்கு மேல் செல்லாது. மீண்டும் சோதனைக்கு அமர்ந்து நிரூபிக்க வேண்டும். இதனுடன் விமான நிறுவன விமானிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை திறன் சோதனை உண்டு. புறப்படும் கணத்தில் ஓர் எஞ்சின் நின்றுபோவது, ஒற்றை எஞ்சினுடன் பனியில் இறங்குவது, இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலெழுவது போன்றவை சிமுலேட்டரில் நிகழ்த்திப் பார்க்கப்படும். அடுத்தடுத்த மாதங்களில் இரு சோதனைகளையும் முடித்துவிட்டு ஆண்டு முழுவதும் நிம்மதியாக இருக்க முடியாது. ஒரே மாதிரியான இரு சோதனைகள் நான்கு மாதங்களுக்குள் நடந்தால் அவை ஆண்டுக் கணக்கை நிறைவு செய்வதாக ஏற்கப்படமாட்டா.

மூன்றாவது வரம்பு, அண்மைக்காலப் பறப்பு அனுபவம். கடந்த 90 நாட்களில் அதே ரக விமானத்திலோ அதற்குரிய சிமுலேட்டரிலோ மூன்று முறை புறப்பட்டு மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும் என்பது ஐகாவோவின் ஆறாம் இணைப்பு வகுக்கும் நெறி. அமெரிக்கா சிறு விமானங்களின் விமானிகளுக்கும் கருவி விஷயத்தில் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. கடந்த 6 மாதங்களில் கருவிகளின் துணையுடன் 6 முறை தரையிறக்க அணுகல்களைச் செய்திராதவர் அங்கே மேகத்துக்குள் நுழையக்கூடாது.

கொரோனா பொதுமுடக்கக் காலத்தில் இந்த 90 நாள் கணக்கு உலகெங்கும் சிக்கலானது. இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதங்கள் உள்நாட்டு விமானங்கள் நின்றன. அம்பன் புயலால் வெள்ளம் சூழ்ந்த கொல்கத்தாவில் சேவை மே 28-ஆம் தேதிதான் தொடங்கியது. ஓடாத விமானத்தில் எவரும் அனுபவத்தைத் தக்கவைக்க முடியாது என்பதால் காலக்கெடு நீட்டிப்புகள் வழங்க வேண்டியதாயிற்று.

பனியில் இறங்க நான்கு அனுமதிகள்

மீண்டும் கொல்கத்தாவின் மூடுபனிக்கு வருவோம். ஓடுபாதையை நோக்கி வானொலி அலைக்கற்றையை அனுப்பி விமானத்துக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் அமைப்பு மூன்று வகைப்படும். முதல் வகையில் விமானி தரையிலிருந்து 200 அடி உயரம் வரும்போது ஓடுபாதையின் விளக்குகளையேனும் காண வேண்டும். காணாவிட்டால் மேலெழ வேண்டும். ஓடுபாதையோரக் காண்புதூரம் 550 மீட்டர் இருத்தல் வேண்டும். இரண்டாம் வகையில் இந்த உயரம் 100 அடியாகவும், காண்புதூரம் சுமார் 300 மீட்டராகவும் குறைகிறது. மூன்றாம் வகையின் மேம்பட்ட பிரிவில் காண்புதூரம் 50 மீட்டர் அளவுக்குச் சுருங்கினாலும் இறங்க வழியுண்டு. அந்நிலையில் விமானத்தைத் தரையில் இறக்குவது தானியங்கி அமைப்பே; விமானிகள் அதைக் கண்காணித்து, ஐயம் எழுந்த கணத்தில் முயற்சியைக் கைவிட ஆயத்தமாக இருப்பார்கள்.

டெல்லி, லக்னோ, ஜெய்ப்பூர், அமிர்தசரஸ், பெங்களூரு ஆகியவற்றுடன் மூன்றாம் வகை வசதி கொண்ட இந்திய விமான நிலையங்களின் பட்டியலில் கொல்கத்தாவும் இடம்பெற்றுள்ளது. ஆனால் நிலையத்தில் வசதி இருப்பது மட்டும் போதாது. விமானத்தின் தானியங்கி அமைப்பு அன்று பழுதின்றி இருக்க வேண்டும். விமான நிறுவனம் அத்தகைய இறக்கத்துக்கு டிஜிசிஏவிடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். கேப்டன், துணை விமானி இருவரும் அதற்கெனத் தனிப்பயிற்சி முடித்து, அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் விமானம் முதல் வகை விமானமாகவே கருதப்படும். காண்புதூரம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால் அது 1,000 அடி உயரத்துக்குக் கீழே வர முயலவும் கூடாது. ஒரு விமானம் இறங்க, மற்றொன்று புவனேஸ்வரத்துக்குத் திரும்புவதன் மர்மம் இவ்வளவே.

சென்னைவாசிகளுக்கு இந்த அனுபவம் ஆண்டில் ஒரு நாள் வாய்ப்பதுண்டு. போகிப் பண்டிகையன்று எரிக்கப்படும் பழைய பொருட்களின் புகை, மார்கழிப் பனியுடன் கலந்து விமான நிலையத்தைச் சூழ்ந்துகொள்ளும். 2018 ஜனவரி 13 அன்று சென்னையில் விமானச் சேவைகள் இவ்வாறு பெரிதும் பாதிக்கப்பட்டன.

விதி மீறலும் அபராதமும்

பயிற்சி பெற்ற விமானி இல்லாததால் பயணிகள் தவிப்பது ஏட்டளவிலான குறையாக நிற்பதில்லை. 2023 டிசம்பர் இறுதியில் டெல்லியில் கடும் மூடுபனியால் ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் திருப்பி விடப்பட்டன. குறைந்த காண்புதூரத்தில் இறங்கத் தகுதி பெற்ற விமானிகளைப் பணியில் அமர்த்தாததற்காக ஏர் இந்தியா, ஸ்பைஸ்ஜெட் ஆகிய இரு நிறுவனங்களுக்கும் தலா ரூ.30 லட்சம் அபராதம் விதித்து 2024 ஜனவரியில் டிஜிசிஏ உத்தரவிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில், உரிய தகுதியற்ற விமானிகளை இணையாக அமர்த்தி ஒரு விமானத்தை இயக்கியதற்காக ஏர் இந்தியாவுக்கு ரூ.90 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது. பயிற்றுநர் அல்லாத கேப்டன் ஒருவருடன், தனித்துப் பறக்க இன்னும் அனுமதிக்கப்படாத துணை விமானி அமர்த்தப்பட்டிருந்தார். பயிற்சியில் உள்ளவர் அருகில் பயிற்றுநரே இருக்க வேண்டும் என்பது விதி. தவற்றை நிறுவனமே முன்வந்து தெரிவித்திருந்தபோதிலும் அபராதம் தவிர்க்கப்படவில்லை. 2025 ஜூனில், விமானிகளின் உரிமம், ஓய்வு, அண்மைக்காலப் பறப்பு அனுபவம் ஆகியவற்றில் குறைபாடுகள் இருந்தும் அவர்கள் பணியில் அமர்த்தப்பட்டதைச் சுட்டிக்காட்டி, பணி ஒதுக்கீட்டுப் பொறுப்பிலிருந்து மூன்று அதிகாரிகளை நீக்குமாறு அந்நிறுவனத்துக்கு டிஜிசிஏ ஆணையிட்டது. பணிப்பட்டியல் மென்பொருளை மாற்றிய பின் நடந்த ஆய்விலேயே அக்குறைபாடுகள் வெளிப்பட்டன. தேதிகளைக் கண்காணிக்கும் அட்டவணையில் நேரும் பிழை, விமானி அறை வரை சென்று சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உரிமமே பொய்யாக இருந்த நிகழ்வுகளும் உண்டு. 2011-இல் போலி மதிப்பெண் சான்றுகளைக் கொடுத்து உயர்நிலை உரிமம் பெற்ற விமானிகள் சிலர் கைதானதைத் தொடர்ந்து நாடெங்கும் உரிமங்கள் மறு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. 2020 மே 22 அன்று விமானத்தில் இருந்த 97 பேரைப் பலிகொண்ட கராச்சி விபத்துக்குப் பின், பாகிஸ்தானில் 262 விமானிகளின் உரிமங்கள் ஐயத்துக்குரியவை என்று அந்நாட்டு அமைச்சரே அறிவித்தார். அந்நாட்டின் அரசு விமான நிறுவனத்துக்கு ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டது. ஆவணங்களைப் போலி செய்வதைக் கடினமாக்கும் நோக்கில் விமானிகளுக்கான மின்னணு உரிமத்தை இந்தியா 2025 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தியது. சீனாவுக்கு அடுத்து இவ்வசதியை ஏற்படுத்திய இரண்டாவது நாடு இந்தியா.

சான்றுகள் அனைத்தும் செல்லுபடியாக இருந்தும் விபத்து நேர்வதுண்டு. கொல்கத்தாவிலிருந்து 2000 ஜூலை 17 காலை பாட்னா வழியாக டெல்லிக்குப் புறப்பட்ட அலையன்ஸ் ஏர் போயிங் 737 விமானம், பாட்னாவில் இறங்கும் முன் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. விமானத்தில் இருந்த 58 பேரில் 55 பேரும், தரையில் 5 பேரும் உயிரிழந்தனர். விமானம் தேவைக்கு மேல் உயரத்தில் இருந்ததும், வேகம் குறைந்த நிலையில் அதைத் தாழ்வாக வட்டமிடச் செய்ய விமானிகள் முயன்றதும் விசாரணையில் தெரியவந்தது. வகுக்கப்பட்ட அணுகுமுறையை அவர்கள் பின்பற்றவில்லை. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும் சிமுலேட்டர் சோதனை கேப்டனின் கைத்திறனை மட்டும் அளந்தால் போதாது. முறையான அணுகலைக் கைவிடத் தோன்றும் கணத்தில் அவர் எடுக்கும் முடிவையும் அளக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இத்தகைய விபத்துகளே அடிப்படை.

பயணிக்கு என்ன உரிமை?

மூடுபனி போன்ற வானிலைக் காரணங்களால் விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ இழப்பீடு தர வேண்டியதில்லை என டிஜிசிஏ விதிகள் நிறுவனங்களுக்கு விலக்களிக்கின்றன. விமானிக்கு மூன்றாம் வகைத் தகுதி இல்லாததால் திரும்பிய விமானமும் பயணியின் கைப்பேசிக்கு வரும் செய்தியில் பெரும்பாலும் ‘வானிலை’ என்றே குறிக்கப்படும். அதைப் பிரித்தறிய அவருக்கு வழி ஏதும் இல்லை.

எனினும் இழப்பீட்டு விலக்கு, பணத்தைத் திருப்பித் தரும் கடமையை நீக்குவதில்லை. விமானம் ரத்தானால் மாற்று விமானத்தையோ முழுக் கட்டணத்தையோ பயணி கோரலாம். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகுமெனத் தெரிந்தாலும் இதே தெரிவு உண்டு. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணங்களில் தாமதம் 2 மணி நேரத்தைத் தாண்டினால், காத்திருப்போருக்கு உணவும் சிற்றுண்டியும் வழங்குவது நிறுவனத்தின் பொறுப்பு.